லேப்டாப் போய்விட்டது, முழு பேக்கப் கையில் இருக்கிறது: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: லேப்டாப் திடீரென்று நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த முழு பேக்கப், அதாவது விண்டோஸ், மென்பொருட்கள், கோப்புகள் எல்லாம் சேர்ந்த சிஸ்டம் இமேஜ், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கிறது. புது டிஸ்க் போட்டோ வேறு லேப்டாப் வாங்கியோ இதை ஏற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடுமா?

பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். சில நேரம் அந்த இமேஜைத் தொடவே வேண்டியிருக்காது. அதற்கெல்லாம் முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: லேப்டாப் நின்ற அந்த நிமிடத்திலிருந்து உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க் வெறும் பேக்கப் இல்லை, அதுதான் ஒரே பிரதி. ரீஸ்டோர், அதாவது பேக்கப்பை மறுபடி ஏற்றும் வேலை முழுக்க, ஏதோ ஒரு டிஸ்கை அழித்துவிட்டு அதன்மேல் எழுதும் வேலை. அவசரத்தில் தவறான டிஸ்கைத் தேர்வு செய்து பேக்கப்பையே அழித்தவர்கள் நிறைய. அதனால் அந்த டிஸ்கைக் கொண்டுபோய் உடனே புது மெஷினில் செருகாதீர்கள்.

முதலில் வேறொரு கணினியில் அதைச் செருகி, பேக்கப் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுங்கள். கடன் வாங்கிய டிஸ்காக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து, இமேஜ் திறக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தன் கருவியில் எடுத்த இமேஜ் விஎச்டிஎக்ஸ் வகைக் கோப்பாக இருக்கும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியில் அதை இணைக்கும்போது 'படிக்க மட்டும்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டு இணைத்தால், சாதாரண டிரைவ் போல உள்ளே போய் கோப்புகளைப் பார்க்கலாம். இரட்டை கிளிக் செய்து திறந்தால் எழுதும் அனுமதியோடு திறந்துவிடும், அது வேண்டாம். மேக்ரியம் போன்ற பேக்கப் மென்பொருட்களில் இமேஜைச் சரிபார்க்கத் தனி வசதி உண்டு. குளோன்சில்லா என்ற இமேஜ் எடுக்கும் கருவியிலும் இமேஜ் மீட்கத்தக்கதா என்று சோதிக்கும் தேர்வு உண்டு. மணிக்கணக்கில் ஓடினாலும் ஓடட்டும். உள்ளே போக முடிந்ததும் உடனடியாகத் தேவைப்படும் கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை கைக்கு வந்துவிட்டால், மீதி வேலையைப் பதற்றமில்லாமல் செய்யலாம்.

இது அதிகப்படியான எச்சரிக்கை என்று தோன்றினால், 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முக்கியத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்புகளைத் தேடிப் போனபோது, தினமும் ஓடவேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு முரண்பாட்டால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது தெரியவந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்துத் தரவின் பிரதிதான் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். பேக்கப்பை நம்பியே வாழும் தொழிலில் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், நாம் திறந்து பார்க்காத ஒரு கோப்பை எப்படி நம்புவது?

சரி, இப்போது லேப்டாப்புக்கு வருவோம். எது போனது? லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜர், பேட்டரி, மெமரி, திரை, மதர்போர்டு என எதுவாகவும் இருக்கலாம். மெஷின் ஆன் ஆகி, பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) வரை வந்து, அங்கே டிஸ்கின் பெயரே தெரியவில்லை என்றால் டிஸ்கைச் சந்தேகிக்கலாம். விளக்குகூட எரியவில்லை என்றால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்றால், டிஸ்க் உயிரோடிருந்தால் அதில் இருப்பது உங்கள் பேக்கப்பைவிட மூன்று வாரம் புதியது. அந்த மூன்று வார வேலையை விட்டுவிட்டு, பழைய இமேஜை ஏற்றுவதில் ஒரு லாபமும் இல்லை.

அப்படியென்றால் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் படியுங்கள். உறை வாங்கும்போது, எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டியில் என்விஎம்இ, சாட்டா என இரண்டு இணைப்பு வகை உண்டு என்பதை மறக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கான உறையில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். டிஸ்கின் மேல் ஒட்டிய லேபிளில் வகை எழுதியிருக்கும். செருகியதும், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்டால் பயப்படாதீர்கள். வழக்கமாக டிஸ்கைத் திறந்துவிடும் சாவி பழைய மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருந்தது. இப்போது அது பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலக மெஷின் என்றால் ஐடி பிரிவிடம் கேட்க வேண்டும். எங்குமே அந்த எண் இல்லையென்றால் டிஸ்கை யாராலும் திறக்க முடியாது. அப்போது பேக்கப்தான் கதி.

சில லேப்டாப்களில் டிஸ்கைக் கழற்றவே முடியாது, போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்குகளிலும், டி2 சிப் உள்ள இன்டெல் மேக்குகளிலும் அந்தச் சிப்புக்குள் இருக்கும் சாவியோடு சேமிப்பகம் பிணைக்கப்பட்டிருக்கும். சிப் போனால் தரவும் போனது. இத்தகைய மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பேக்கப் இல்லாமல் மறுவாய்ப்பே கிடையாது.

டிஸ்க் பாதி உயிரோடு இருந்தால்? அதாவது தெரிகிறது, ஆனால் மணிக்கணக்கில் தொங்குகிறது, அல்லது பழைய ஹார்டு டிஸ்க் என்றால் 'டிக் டிக்' என்று தட்டுகிறது. அப்போது செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கருவிகளை ஓடவிடாதீர்கள். சாகப்போகும் டிஸ்கை அது இன்னும் வேலை வாங்கும், அதன்மேல் எழுதவும் செய்யும். தட்டும் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பது விலைமதிப்பற்றதென்றால் அணைத்துவிட்டு தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். சத்தம் இல்லாமல் வெறும் பிழைகள் மட்டும் என்றால் லினக்ஸின் டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி உண்மையாகவே டிஸ்க் மட்டும் போன நிலை. லேப்டாப் அதே, டிஸ்க் புதிது. முழு இமேஜ் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான்: ஓரிரு மணி நேரத்தில், மேசைப் பின்னணிப் படம் உட்பட எல்லாம் இருந்த இடத்தில் வந்து நிற்கும்.

புது டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவில் கவனம் வேண்டும். விண்டோஸின் சொந்த மீட்புக் கருவி, பழைய டிஸ்கைவிடச் சிறியதில் இமேஜை ஏற்றாது. உள்ளே 100 ஜிபிதான் நிரம்பியிருந்தது என்று வாதாட முடியாது. டிஸ்கின் மொத்த அளவைத்தான் பார்க்கும். 512 ஜிபி டிஸ்கில் எடுத்த இமேஜை 500 ஜிபி டிஸ்கில் ஏற்ற முயன்று மாட்டிக்கொள்வது வழக்கமான விபத்து. குளோன்சில்லாவும் சாதாரண அமைப்பில் அப்படித்தான். மேக்ரியம் போன்றவை பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் பிரிவை, சுருக்கி ஏற்றித் தரும். எனவே அதே அளவு அல்லது அடுத்த பெரிய அளவு வாங்கிவிடுங்கள். எம்.2 என்றால் நீளமும் முக்கியம்: 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம்; 2242, 2230 என்ற குட்டை வகைகளும் உண்டு.

அடுத்து, புது டிஸ்க் காலியாக இருப்பதால் லேப்டாப் பூட் ஆக ஒரு பென் டிரைவ் வேண்டும். விண்டோஸ் இமேஜ் என்றால், எந்த விண்டோஸ் கணினியிலும் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் கருவியால் நிறுவல் பென் டிரைவ் செய்து, அதில் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தாமல் 'ரிப்பேர்' என்பதற்குள் போனால் இமேஜ் மீட்பு இருக்கும். வேறு மென்பொருளில் எடுத்த இமேஜ் என்றால் அந்த மென்பொருளின் மீட்பு பென் டிரைவ்தான் வேண்டும். பூட் மெனுவில் அந்தப் பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். யூஇஎஃப்ஐ முறையில் இருந்த விண்டோஸை, பழைய பயாஸ் முறையில் பூட் ஆன கருவியால் ஏற்றப் போனால், மறுக்கும். மிகப் பழைய லேப்டாப் என்றால் இதுவே தலைகீழ்.

விண்டோஸின் கருவி பேக்கப்பைத் தேடுவது டிஸ்கின் மேல்மட்டத்தில் உள்ள 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்ற கோப்புறையில் மட்டும்தான். நேர்த்திக்காக அதை வேறொரு கோப்புறைக்குள் நகர்த்தியிருந்தாலோ பெயர் மாற்றியிருந்தாலோ 'இமேஜ் கிடைக்கவில்லை' என்று சொல்லும். பெயரையும் இடத்தையும் பழையபடி மாற்றினால் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இனி, மனிதர்களை அதிகம் அழவைக்கும் கட்டம். பென் டிரைவிலிருந்து பூட் ஆகிவிட்டது, பேக்கப் தெரிகிறது, ஆனால் புது டிஸ்க் தெரியவில்லை. டிஸ்க் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு வழியாகத்தான் டிஸ்க் இணைகிறது. அதற்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) பென் டிரைவில் உள்ள விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். லேப்டாப் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்திலிருந்து அந்த மாடலுக்கான இன்டெல் ராப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'டிரைவரை ஏற்று' என்ற பொத்தான் வழியாகக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனையும் நிறைய உலவுகிறது. டிஸ்க் தெரியும், இமேஜும் ஏறும். ஆனால் விஎம்டி இயங்கிய நிலையில் நிறுவப்பட்ட விண்டோஸ், அது அணைந்த மெஷினில் பூட் ஆகும்போது டிஸ்கை எட்ட முடியாமல் நீலத்திரை காட்டி நிற்க வாய்ப்பு அதிகம். பழைய அமைப்பு எப்படி இருந்ததோ அப்படியே வைப்பதுதான் என் பரிந்துரை. மதர்போர்டு மாற்றியிருந்தாலோ பயாஸ் ரீசெட் ஆகியிருந்தாலோ இந்த அமைப்பு தானாக மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

ரீஸ்டோர் பொத்தானை அழுத்துவதற்கு முன், எழுதப்போகும் டிஸ்கையும் பேக்கப் டிஸ்கையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் கருவியில் 'டிஸ்குகளை ஃபார்மேட் செய்து மறுபடி பிரி' என்ற தேர்வு, கணினியில் உள்ள மற்ற டிஸ்குகளையும் அழிக்கக்கூடியது. விலக்க வேண்டிய டிஸ்குகளைக் குறிக்கப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் உண்டுதான். ஆனாலும் கழற்றி வைத்த டிஸ்கை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது. சார்ஜர் செருகியிருக்கட்டும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி தருமென்றால் 400 ஜிபிக்கு ஒரு மணிக்குச் சற்று மேல் ஆகும். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் அதுவே மூன்று மணியைத் தாண்டும். சதவீதம் ஒரே இடத்தில் நின்றாலும் பொறுத்திருங்கள்.

எல்லாம் ஏறியும் 'பூட் சாதனம் இல்லை' என்று வந்தால் தரவு போகவில்லை, பூட் பதிவு மட்டும்தான் இல்லை. அதே பென் டிரைவில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கமாண்ட் திரையில் பிசிடிபூட் கருவியால், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அவற்றைப் புதிதாக எழுதலாம். விண்டோஸ் கோப்புறை இருக்கும் டிரைவ் எழுத்து மீட்புத் திரையில் மாறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சி என்று நீங்கள் நினைப்பது அங்கே டி ஆக இருக்கலாம்.

மதர்போர்டு மட்டும் மாற்றியிருந்தால் வேலை குறைவு. பழைய டிஸ்கைச் செருகினால் பெரும்பாலும் அப்படியே பூட் ஆகும். பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும். உள்நுழையும் பின் (PIN) எண்ணும் கைரேகையும் வேலை செய்யாது, அவை பழைய போர்டின் டிபிஎம்மோடு கட்டப்பட்டவை. அதனால் கணக்கின் உண்மையான கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். தினமும் பின் எண் போட்டே பழகியவர்கள் அதை மறந்துவிடுவது சகஜம். இன்னொரு சாதனத்தில் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் உரிமம் கேட்டால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் சிக்கல் தீர்க்கும் பகுதியில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தேர்வு இருக்கும்.

முற்றிலும் வேறு லேப்டாப் வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் இமேஜை அதில் ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. இப்போதைய விண்டோஸ் வேறு மெஷினிலும் டிரைவர்களைத் தேடிப் பிடித்து எழுந்துகொள்ளும் திறன் கொண்டது, டிஸ்க் டிரைவரை நுழைத்துத் தரும் வசதி மேக்ரியம், அக்ரோனிஸ் போன்றவற்றில் உண்டு. ஆனால் புது மெஷினோடு வந்த சுத்தமான விண்டோஸை அழித்து, பழைய மெஷினின் டிரைவர்களையும் துணை மென்பொருட்களையும் அதன்மேல் சுமத்துகிறீர்கள். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்த மெஷினுக்கானது, புதியதற்குக் கூடவே வராது. பிறகு தூங்கவிட்டால் எழாது, ஒலி வராது, பேட்டரி சீக்கிரம் தீரும் என்று மாதக்கணக்கில் காரணம் தெரியாத தொல்லைகள் வரும். விதிவிலக்கு ஒன்றுதான்: நிறுவல் கோப்பு தொலைந்துபோன, மறுபடி அமைக்கவே முடியாத ஒரு மென்பொருளை நம்பித் தொழில் நடக்கிறது என்றால். அப்போதும் அந்த இமேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியாக, ஓடவிட முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சுத்தமான விண்டோஸில், இமேஜை முன்பு சொன்னபடி இணைத்து, தேவையானதை எடுத்துப் போடுங்கள். ஆவணங்கள், படங்கள் எல்லோரும் எடுப்பார்கள். பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாதான் விட்டுப்போகும். மின்னஞ்சல் கோப்புகள், மென்பொருள் அமைப்புகள் பல அங்கேதான் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் அதன் புரொஃபைல் கோப்புறையை நகலெடுத்தால் கடவுச்சொற்களும் வந்துவிடும். குரோம், எட்ஜ் அப்படி இல்லை. அவற்றின் கடவுச்சொற்கள் பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, கோப்புறையை நகலெடுத்தால் மட்டும் திறக்காது. கணக்கு ஒத்திசைவில் இருந்தால் அங்கிருந்து வரும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலைகள் குறைவு, டிரைவர்கள் பெரும்பாலும் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் வேறு மெஷினிலும் இமேஜ் எழுந்துவிடும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் கோப்புகளாக எடுத்த பேக்கப் என்றால், புது பார்ட்டிஷன்களின் யூயூஐடி என்ற அடையாள எண் மாறியிருக்கும். பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதைத் திருத்தி, லினக்ஸை பூட் செய்யும் குரூபை மறுபடி நிறுவ வேண்டும். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியை மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது இயல்பாக ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை. மேக்கில் டைம் மெஷின் பேக்கப் என்றால், முதலில் மேக்ஓஎஸ் நிறுவி, பிறகு மைக்ரேஷன் அசிஸ்டன்ட் மூலம் மீதியைக் கொண்டுவர வேண்டும்.

பழைய இமேஜ் ஏறி முதல்முறை பூட் ஆகும்போது இணையத்தைத் துண்டித்து வையுங்கள். அந்த விண்டோஸுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு முந்தைய நாள்தான். இணையம் கிடைத்த உடனே மேகச் சேமிப்பு ஒத்திசைவு ஓடத் தொடங்கும். வழக்கமாக அது புதிய கோப்புகளைத்தான் இறக்கும். ஆனாலும் இடையில் அழித்தவை உயிர்பெறுவதும், ஒரே கோப்புக்கு இரண்டு பிரதிகள் முளைப்பதும் நடக்கும். முக்கியக் கோப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேகத்தில் இருப்பதை உலாவி வழியாக ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் இணையத்தை இணையுங்கள். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், போர்டு மாறியிருந்தால் தவறாக இருக்கும், அதனால் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளை முடியுங்கள். ஓடிக்கொண்டிருந்த விண்டோஸுக்குள்ளிருந்து எடுத்த இமேஜ் என்றால் ஏறியபின் டிஸ்க் பூட்டப்படாமல் இருக்கும். பிட்லாக்கரை மறுபடி இயக்கி, புது மீட்பு எண்ணைச் சேமியுங்கள்.

அந்த மூன்று வார இடைவெளியை நிரப்ப, அனுப்பிய மின்னஞ்சல்களின் இணைப்புகளில் தொடங்குங்கள். எதிர்பார்ப்பதைவிட அதிகம் அங்கே கிடைக்கும். செய்திச் செயலிகளில் பகிர்ந்த கோப்புகள், போனில் உள்ள படங்கள், சக ஊழியர்களிடம் உள்ள பிரதிகள் அடுத்து. பாப் முறையில் மின்னஞ்சலை இறக்கிப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இடைப்பட்ட கடிதங்கள் சர்வரில் இல்லாமல் போயிருக்கலாம். கடிதங்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறை என்றால் எல்லாம் இருக்கும்.

மீண்டு வந்த விண்டோஸுக்குள் உங்கள் பேக்கப் மென்பொருளும் உயிர்பெற்றிருக்கும் என்பதை மறக்காதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் செருகியே இருந்தால் அட்டவணைப்படி ஓடி, இடம் போதாவிட்டால் பழைய இமேஜ்களை அழித்துப் புதியதை எழுதக்கூடும். எனவே ரீஸ்டோர் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, புது பேக்கப்பை வேறு டிஸ்கில் தொடங்குங்கள். ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியவரும், அதுவரையாவது பழைய இமேஜ் இருக்கட்டும்.

பழுதான டிஸ்குக்கு வாரண்டி இருந்தால் அனுப்பி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதில் இருக்கும் தரவும் கூடவே போகும். பிட்லாக்கர் போட்டிருந்தது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். போடவில்லை, டிஸ்கும் கணினிக்குத் தெரியாததால் அழிக்கவும் முடியவில்லை என்றால், உள்ளே வங்கி விவரங்களோ மற்றவர்களின் ஆவணங்களோ இருந்திருந்தால் நான் அந்த வாரண்டியை விட்டுவிட்டு டிஸ்கின் சிப்புகளை உடைத்துப்போடுவேன்.